முகத்தில் தோன்றும் மங்கும் தேமலும்: வீட்டு மருந்தின் எல்லை

முகத்துக்கு மருந்து அறியாத இல்லம் நம் நாட்டில் இல்லை எனலாம். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கடலைமாவுடன் மஞ்சளும் தயிரும் சேர்த்துக் குழைத்த ‘உப்டன்’; வங்காளத்தில் பச்சை மஞ்சளும் பாலேடும்; இராஜஸ்தானத்தில் பன்னீரில் கரைத்த முல்தானி மண்; தென்னாட்டில் பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும். இவற்றைப் பற்றி ஊர் மக்கள் ஆசிரியரிடமும் சுகாதார ஊழியரிடமும் வினவுவது இயல்பே. மகளின் முகத்தில் புள்ளி கண்ட தாய் முதலில் நாடுவது மருத்துவரை அன்று. பாட்டியை, அதன்பின் கடைக்காரரை, அதன்பின் பள்ளி ஆசிரியையை. மருத்துவர் நான்காமவராகவோ ஐந்தாமவராகவோ வருகிறார். இடையில் கழியும் மாதங்கள் சில புள்ளிகளைப் பொறுத்தவரை ஒரு பொருட்டன்று. வேறு சிலவற்றில் அம்மாதங்களே எல்லாவற்றையும் நிர்ணயித்துவிடுகின்றன. இவ்விரு வகையையும் ஊழியர் எவ்வாறு பிரித்தறிவது என்பதையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

இத்தகைய குறிப்புகளைத் தமிழாக்குவோர் முதலில் இடறுவது பெயரில்தான். ஆங்கிலத்தில் பொதுவான ஒரு சொல்லால் சுட்டப்படும் முகக் குற்றங்களை நம் தாய்மார் பரு, மரு, மங்கு, தழும்பு, கரும்புள்ளி, படர்தாமரை என்று நுட்பமாகப் பிரித்தே வழங்குகின்றனர். ஆனால் தோல் வெளுத்துக் காணும் இடத்தில் இந்த நுட்பம் கைவிட்டுவிடுகிறது. வெளுப்பாக எது தோன்றினும் ‘தேமல்’ என்றே சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லின் நிழலில் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகள் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுள் மூன்று உயிருக்கோ உறுப்புக்கோ தீங்கு செய்யாதவை. நான்காவது தொழுநோய்.

அதனை அடைவதற்கு முன், கருமையாகத் தோன்றும் மாசுகளைப் பார்ப்போம்.

தோலின் மேலடுக்கினுடைய அடித்தளத்தில் நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்கி அண்டை உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் உயிரணுவின் உட்கருவைத் தாக்காதவாறு இந்நிறமி அதன்மேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. சிவந்த மேனியர்க்கும் கறுத்த மேனியர்க்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. உண்டாகும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேற்றுமை. எனவே கறுப்பு நிறம் நோயும் அன்று, அழுக்கும் அன்று. இதனை வகுப்பில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் முகப்பூச்சு விளம்பரங்களில் பாதியின் வேர் அறும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

தோலின் மேலடுக்கு அடியிலிருந்து மேலெழுந்து உதிர்ந்து புதிதாவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. மேலடுக்கிலுள்ள கருமை குறைவதாயினும் அக்கால அளவில்தான் குறையத் தொடங்கும். நிறமி அதற்கும் கீழேயுள்ள அடுக்கில் இறங்கிவிட்டாலோ ஆண்டுகள் செல்லும். எந்தப் பூச்சும் அவ்வளவு ஆழம் எட்டுவதில்லை. ‘மூன்றே நாளில் பளிங்கு முகம்’ என்று சொல்பவர் தோலின் கணக்கை அறியாதவர், அல்லது அறிந்தும் சொல்லாதவர்.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் இருபுறமும் ஒத்தாற்போல் படரும் பழுப்பு நிறத் திட்டே மங்கு. கருவுற்ற காலத்திலும், கருத்தடை மாத்திரை உண்ணும் காலத்திலும் மகளிர்க்கு இது மிகுதி, ஆடவர்க்கும் வருவதுண்டு. மகப்பேற்றுக்குப்பின் பலருக்குச் சில மாதங்களில் தானே மங்கிவிடும். இதனைத் தூண்டி வளர்ப்பது வெயில். புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மங்கைக் கருமையாக்குகிறது என்பது அண்மைக்கால ஆராய்ச்சியின் முடிவு. ஆதலால்தான் மங்கு உள்ளோர்க்கு இரும்பு ஆக்சைடு கலந்த, சற்றே மண்ணிறமான வெயில் தடுப்புப் பூச்சை மருத்துவர்கள் விரும்புகின்றனர். காவி மண்ணுக்கு நிறம் தருவதும் இந்த இரும்பு ஆக்சைடே. விலையுயர்ந்த பூச்சு வாங்க இயலாதவர்க்குக் குடையும், முந்தானை முக்காடும், அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பியும் உள்ளன. வயலில் நடவு செய்யும் பெண்ணுக்கு வேறு எதைச் சொல்வதற்கு முன்னும் இதைச் சொல்லவேண்டும்.

இனி அடுக்களை மருந்துகள். கடலைமாவும் பயற்றமாவும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, உதிரவேண்டிய செதிலைத் தேய்த்து எடுக்கின்றன. சோப்பைவிட மென்மையானவை, முகம் துலங்குவது உண்மை. ஆயின் அது துப்புரவேயன்றி நிறமாற்றம் அன்று. தயிரில் பாலமிலம் உண்டு. தோல் மருத்துவர்கள் கருமையை உரிக்கக் கையாளும் அமிலங்களில் இதுவும் ஒன்று என்பதால், ‘விஞ்ஞானம் ஒப்பிய மருந்து’ என்று தயிரைச் சிலர் போற்றுகின்றனர். மருத்துவர் பயன்படுத்தும் அமிலத்தின் செறிவு வேறு, கிண்ணத்துத் தயிரின் செறிவு வேறு. தீங்கில்லை, பயனும் பெரிதில்லை என்று சொல்லி அப்பால் செல்லலாம்.

மஞ்சளைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதனை எதிர்த்து, பழைய நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டியது. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. நாம் பெருமை கொள்ளத்தக்க வெற்றியே இது. ஆனால் அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்டது, இம்முறை இந்தியர்க்கு முன்னரே தெரிந்தது என்பதுதான். மஞ்சள் முகத்தின் கருமையை நீக்கும் என்பதன்று. பழமை வேறு, நிரூபணம் வேறு. மஞ்சளின் சாரமான குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும் இயல்புடையது எனச் சோதனைக் குழாயில் காண்கிறோம். ஆயினும் அது நீரில் கரைவது அரிது, ஒளியில் விரைவில் சிதைவது, தோலினுள் எளிதில் புகாதது. இன்னொரு செய்தி: நிறத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சில வணிகர் மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட்டைக் கலப்பதுண்டு. முகத்தில் பூசியது குழந்தையின் வாய்க்குப் போக நேரமாகாது. கிழங்கை வாங்கி வீட்டில் அரைப்பதே நலம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு இனக் கிழங்கு விற்கப்படுவதும் உண்டு; வாங்குவோர் மணத்தை முகர்ந்து பார்த்து வாங்குக.

அடுக்களைப் பொருள்களுள் உண்மையில் அஞ்சத்தக்கது எலுமிச்சை. தோலின் மேற்பரப்பு சிறிதளவே அமிலத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அதனைப்போல் பல நூறு மடங்கு. எரிச்சல் உண்டாவது இதனால்தான். அழுக்கு கரைகிற அறிகுறி என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார்கள். எரிச்சலுற்ற இந்தியத் தோல் பின்னர் கறுக்கவே செய்யும். இதனினும் பெரிய தீங்கு அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகுமாரின் என்னும் பொருள்களால் வருகிறது. இவை தோலில் படிந்திருக்கையில் வெயில் பட்டால், ஓரிரு நாளில் தீப்புண் போன்ற சிவப்பும் கொப்புளமும் தோன்றி, ஆறியபின் அவ்விடம் பல வாரங்களுக்குக் கருமையாக நிற்கும். இக்கட்டுரையாளரின் குடியிருப்பில் ஒரு பெண் கல்லூரி விழாவுக்கு அழகு செய்துகொள்ள எண்ணி, அறுத்த எலுமிச்சையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு மாடியில் துணி உலர்த்தப் போனாள். சாறு கழுத்துவரை வழிந்த தாரை தாரையாகவே கருங்கோடு விழுந்து, விழா முடிந்து இரண்டு மாதம் சென்றும் மறையவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் நாட்டு வைத்தியர்கள் வெண்படைக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் இருக்கச் செய்தனர். வடநாட்டில் ‘பாகுசி’ எனப்படும் இவ்விதையில் உள்ள சோராலென் வெயிலுடன் கூடி, வெளுத்த தோலைக் கறுக்கச் செய்கிறது. இக்காலத் தோல் மருத்துவத்திலும் சோராலெனும் புற ஊதாக் கதிரும் இணைந்த சிகிச்சை உண்டு. எலுமிச்சையில் உள்ள பொருள்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தோலைக் கறுக்கச் செய்யும் மருந்தின் உறவினரை நாம் வெளுப்பதற்காகப் பூசிக்கொள்கிறோம்!

உருளைக்கிழங்கின் கதையும் இத்தகையதே. கிழங்குச் சாற்றில் உள்ள நொதி முகத்தை வெளுக்கும் என்பர். வெட்டிவைத்த உருளைக்கிழங்கு சற்று நேரத்தில் கறுத்துப்போவதை எந்தச் சமையலறையிலும் காணலாம். அக்கருமையை விளைவிப்பது அந்த நொதியேதான். நம் தோலில் மெலனினை ஆக்கும் டைரோசினேஸ் என்னும் நொதிக்கு அது இனம். நல்லவேளையாக, அது தோலினுள் புகுவதில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்துகாட்டலாம்: வெட்டிய துண்டுகளில் ஒன்றை வெறுமனே வைத்து, மற்றொன்றில் எலுமிச்சைச் சாறு தடவி வைத்தால், முன்னது கறுக்கும், பின்னது கறுக்காது. கிழங்குக்குப் பொருந்தும் இந்த நியாயம் உயிருள்ள தோலுக்குப் பொருந்தாது என்பதையும் உடன் விளக்கவேண்டும்.

பருவால் வரும் கரும்புள்ளிக்குத் தனி மருந்து தேடுவது வீண். பருவைக் கிள்ளாதிருந்து, அதனை முதலில் அடக்கினால் புள்ளி தானே சில மாதங்களில் மங்கும். முகத்துக்கு எண்ணெய் தடவுவது பருவை வளர்க்கும். பற்பசை வேண்டவே வேண்டா.

வீட்டு மருந்து பலிக்காதபோது மக்கள் செல்வது கடைக்கு. தீங்கு பன்மடங்காவது அங்கேதான். மருந்துக் கடைகளில் சிறு குழாய்களில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சில நாட்களில் முகத்தை வெளுத்து மினுக்கச் செய்கின்றன. தொடர்ந்து பூசினால் தோல் மெலிகிறது. இரத்தக் குழல்கள் சிவந்து தெரிகின்றன. பருவும் தேவையற்ற உரோமமும் தோன்றுகின்றன. நிறுத்தினாலோ முகம் நெருப்பாக எரிகிறது. ஆதலால் நிறுத்த அஞ்சி மேலும் பூசுகிறார்கள். நாட்டின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் முகத்தோல் நோயாளிகள் சுமார் 2,900 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், 433 பேர் இத்தகைய களிம்பு பூசிவந்தவர் எனக் கண்டனர். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்தபின்னும் குழாய் கைமாறுவது நின்றுவிடவில்லை என்பதைக் களத்தில் பணியாற்றுவோர் நன்கறிவர்.

மற்றொன்று பாதரசம். பாதரச உப்புகள் டைரோசினேஸைத் தடுத்து நிறமியைக் குறைப்பது மெய். அவற்றின் ஆவலூட்டும் விரைவுக்குக் காரணமும் அதுவே. ஆனால் அவை தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து மருத்துவர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். ஒரு தனிப்பட்ட புரதத்தின் அடையாளம் காணப்பட்ட 15 பேரில் 13 பேர் சிவப்பழகுப் பூச்சு பூசிவந்தவர்கள். முகம் வெளுக்கப் பூசிய பெண்ணுக்குக் கால் வீங்கி, சிறுநீரில் நுரை காணுமாயின், பூச்சின் பெயரைக் கேட்டறிந்து டப்பாவுடன் மருத்துவரிடம் அனுப்புக. தயாரித்தவர் முகவரி, உரிம எண், சேர்பொருள் விவரம் இவை இல்லாத டப்பாவை வாங்கவே கூடாது.

இனி, முன்னர்ச் சொன்ன வெளுத்த திட்டுகளுக்கு வருவோம்.

பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக, விளிம்பு தெளியாமல், மாவு தூவினாற்போல் மெல்லிய செதிலுடன் காணும் வெளுப்பைச் சிலர் வயிற்றுப் பூச்சியால் வந்தது என்பர். சிலர் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பர். இரண்டும் அன்று. வறண்ட தோலில் இலேசான அழற்சியால் வரும் நிலை இது. வெயிலில் சுற்றிலுமுள்ள தோல் கறுக்கும்போது எடுப்பாகத் தெரியும். குளித்தபின் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சி தணியும். நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். வீட்டு மருந்து முழு உரிமையுடன் ஆளக்கூடிய இடம் இது.

மெய்யான தேமல் ஒரு காளானால் வருவது. கழுத்து, மார்பு, முதுகில் மிகுதி. வியர்வை மிகுந்த கடலோரப் பகுதிகளில் பலர்க்கு எப்போதேனும் வரும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் பொடிச் செதில் எழும். இக்காளான் அசிலெயிக் அமிலம் என்னும் பொருளை உண்டாக்கி நிறமியாக்கத்தைத் தடுக்கிறது. அதே அமிலத்தை மருத்துவர்கள் மங்குக்கும் பருவுக்கும் களிம்பாகக் கொடுக்கின்றனர். காளான் மருந்து பூசித் தேமல் அழிந்தபின்னும் வெளுப்பு சில மாதம் நிற்கும். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணவேண்டா. மூன்றாவது, பால்போல் வெளுத்து விளிம்பு தெளிவாக உள்ள வெண்படை. அது தொற்றுவதன்று. ஒருவரோடு ஒருவர் உண்ணவும் உறங்கவும் தடையில்லை.

நான்காவதான தொழுநோயின் திட்டு முற்றிலும் வெளுப்பதில்லை. சுற்றுத் தோலைவிடச் சற்றே மங்கியோ, சிவந்தோ, செப்பு நிறமாகவோ இருக்கும். அரிப்பில்லை, நோவில்லை. அதனாலேயே அஞ்சுவாரும் இல்லை. பல திட்டுகளில் வியர்வை அற்று, உரோமம் குறைந்து, உணர்ச்சி மழுங்கியிருக்கும். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாடு பதினாயிரம் பேருக்கு ஒருவர்க்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. அவர்களுள் குழந்தைகளும் உளர். நோய்க்கிருமி உடலில் புகுந்து அடையாளம் தோன்றச் சராசரி ஐந்தாண்டு ஆகும், இருபதாண்டும் செல்வதுண்டு.

சோதிக்கும் முறை எளிது. பிள்ளைக்கு முதலில் விளையாட்டுப்போல் விளக்கிச் சொல்லி, கண்ணை மூடச் செய்து, பஞ்சுத் திரியின் நுனியால் நல்ல தோலைத் தொடுக. தொட்ட இடத்தைப் பிள்ளை விரலால் காட்டட்டும். பின்னர் திட்டின் நடுவில் தொடுக. காட்டத் தவறினால் ஐயம் வலுக்கிறது. ஆனால் முகத்தைப் பொறுத்தவரை இச்சோதனையை முழுதும் நம்பலாகாது. முகத்தில் நரம்புப் பின்னல் அடர்ந்திருப்பதால், நோய் இருந்தும் உணர்ச்சி குன்றாதிருக்கலாம். ‘தொட்டது தெரிகிறது, ஆகவே தேமல்தான்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது களப்பணியில் நேரக்கூடிய தவறு. முகத்தில் ஐயத்துக்குரிய திட்டைக் கண்டால் முதுகு, புட்டம், கை, கால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். காதுமடல் தடித்துள்ளதா, புருவ உரோமம் வெளிப்புறமாக உதிர்ந்துள்ளதா, முழங்கைக்குப் பின்புறத்து நரம்பு கயிறுபோல் பருத்துள்ளதா என்றும் நோக்கவேண்டும். பெண் பிள்ளையை ஆசிரியையோ பெண் ஊழியரோ பார்ப்பதே முறை. ஸ்டீராய்டுக் களிம்பு பூசிய திட்டு தன் சிவப்பையும் தடிப்பையும் இழந்து அடையாளம் மறைந்திருக்கும். ஆதலால் ‘இதற்கு என்ன பூசினீர்கள்?’ என்பதே முதல் வினா. வாரக்கணக்கில் மாறாத திட்டு எதுவாயினும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதில் பிழையில்லை. வீண் நடையாக முடிந்தால் ஒரு நாள் கூலி போகும். அனுப்பாமல் விட்டால் விரல் மடங்கிப்போகலாம். மடங்கிய விரலை எந்த மாத்திரையும் தானே நிமிர்த்தாது.

சிகிச்சை இலவசம். திட்டுகளின் எண்ணிக்கைக்கும் நரம்பின் நிலைக்கும் ஏற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து தரப்படுகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை அநேகமாக நீங்கிவிடுவதால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவேண்டியதில்லை. தனிப் பலகையும் வேண்டா.

இங்கே ஊழியர் முன்கூட்டியே உணரவேண்டிய ஒன்று உண்டு. கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவந்து வெளிப்படும். இது ஓரிரு நாள் கலக்கம். குளோஃபசிமின் என்னும் மருந்தோ சில மாதங்களில் தோலைச் செம்பழுப்பாகவும் கருமையாகவும் மாற்றுகிறது. முகத்தில்தான் அது மிகுதியாகத் தெரியும். கன்னத்துத் திட்டு மறையும் என்று நம்பி வந்த பெண்ணின் முகம் முழுதும் கறுக்கிறது. அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், கல்யாணப் பேச்சு தடைப்படுகிறது, பெண் மாத்திரையை நிறுத்திவிட்டு எலுமிச்சையையோ களிம்புக் குழாயையோ எடுத்துக்கொள்கிறாள். இக்கருமை மருந்தின் நிறமேயன்றி நோயின் வளர்ச்சி அன்று. சிகிச்சை முடிந்து ஓராண்டளவில் பெரும்பாலும் மங்கிவிடும். அதுவரை வெயிலுக்கு முக்காடும், வறண்டு செதில் எழும் தோலுக்கு இரவில் சிறிது தேங்காய் எண்ணெயும் போதும். இதனைத் தாயையும் மகளையும் ஒருங்கே உட்காரவைத்து, முதல் மாத மருந்து அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுக. முகம் கறுத்த பிறகு சொன்னால் அதைச் சமாதானம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.